குற்றம் காண்பதும் நெற்றிக்கண்ணும்

பேச விரும்புபவன் கையை உயர்த்தவேண்டும் என்பது வகுப்பறையில் நாம் நாள்தோறும் விதிக்கும் சட்டம். நாற்பது பிள்ளைகள் ஒரே வேளையில் பேசினால் எவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. ஆதலால் ஒருவனைப் பேசவிட்டு முப்பத்தொன்பது பேரை அடக்குகிறோம். இதனை அடக்குமுறை என்று எவரும் கூறுவதில்லை. பின்வாங்கில் இருப்பவன் முன்வாங்கில் இருப்பவனின் சாதியைச் சொல்லி இழித்துரைப்பானாயின் அவன் வாயையும் அடக்குகிறோம். அதனையும் எவரும் குறை கூறார். பேச்சுக்கு ஒழுங்கு வேண்டுமா என்ற வினாவுக்கு, ஆசிரியத் தொழில் செய்யும் எவரும், வேண்டாம் என்று விடை பகர முடியாது.

ஆயினும் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி நம்மை இன்றளவும் விட்டபாடில்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து ஏப்ரில் 21ஆம் திகதி முடக்கப்பட்ட சமூக ஊடகங்கள் மாத இறுதியில் திறக்கப்பட்டு, முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபொழுது மே 13ஆம் திகதி மீண்டும் முடக்கப்பட்டிருந்தன. "பிழையாகப் பேசினவன் யாரோ ஒருவன், சேர். எல்லாருடைய வாயையும் ஏன் கட்டினவை?" என்பது அவன் வினா. பாடத்தைத் தொடருவோம் என்று கூறித் தப்பினோம். அதற்குரிய விடையை இங்கு தேட முயல்கிறோம்.

நம் நாட்டில் இப்பணிக்கென அமைந்த நிறுவனம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவாகும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தி 1996இல் இது நிறுவப்பட்டது. அமைச்சின் செயலாளரே பதவி வழியில் இதன் தலைவர். பணிப்பாளர் நாயகம் ஒருவர். சட்டம், நிதி, முகாமைத்துவம் ஆகிய துறைகளிலிருந்து அமைச்சர் நியமிக்கும் மூவர். கம்பனிகளுக்கு உரிமம் வழங்குதல், வானொலி அலைவரிசைகளைப் பங்கிடுதல், கட்டணங்களை மேற்பார்த்தல், பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரித்தல் என்பன இதன் அன்றாடக் கடமைகள். காற்றில் செல்லும் அலைகள் எவருடைய தந்தைவழிச் சொத்துமல்ல. அவற்றைப் பொதுமக்கள் சார்பில் ஓர் அமைப்பு காக்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. தனியார் கம்பனிகளின் சுதந்திரமே மக்களின் சுதந்திரம் என்று வாதிடுவோர் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லர்.

கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருக்க, மலைப்பாங்கான கிராமங்களின் பிள்ளைகள் இணையத் தொடர்பு தேடி மரங்களிலும் பாறைகளிலும் ஏறியிருந்து பாடம் படித்ததை நாடறியும். அதற்குச் சற்று முன்னர், 2019 செப்ரெம்பரில்தான், இவ்வாணைக்குழு எழுப்பிய 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் கொழும்பில் திறந்துவைக்கப்பட்டிருந்தது. கோபுரத்தின்மீது நமக்குப் பகையில்லை. எனினும், மலையடிவாரத்துப் பிள்ளைக்கு அலையைக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்ட கையே, வேண்டியபொழுது அந்த அலையை அறுக்கும் கையாகவும் இருக்கிறது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

அறுக்கவேண்டிய தேவை எழுவதில்லையா? எழுகிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் கிடந்த மாக்கட்டியை மலடாக்கும் மாத்திரை என்றனர். அங்கு பிடிக்கப்பட்ட காணொளி கைத்தொலைபேசிகள் வழியே பரவியது. சில நாள்களில் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் தெல்தெனியவிலும், கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அது மாத்திரையன்று, வெறும் மா என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் அறிவித்ததைக் கேட்பதற்கு அக்கூட்டத்திற்கு நேரமிருக்கவில்லை. முஸ்லிம்களைக் கொல்லுங்கள், சிசுவையும் விடாதீர்கள் என்ற பொருள்படச் சிங்களத்தில் எழுதப்பட்ட பேஸ்புக் பதிவைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அது விதிகளை மீறவில்லை என்ற விடையே அக்கம்பனியிடமிருந்து வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தோர் அங்கு போதுமான அளவு இல்லை. உள்நாட்டு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் இதனை எடுத்துக்கூறியும் இலாபம் ஈட்டுவதற்குத் தடையாயிராத மொழியறியாமை, பாதுகாப்பதற்கு மட்டும் தடையாயிருந்தது. 2020 மே மாதத்தில் கம்பனி மன்னிப்புக் கேட்டது.

மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியன முடக்கப்பட்டன. பெருந்தீ அதற்கு முன்னரே மூண்டுவிட்டது. அம்மாவட்டத்தில் கற்பிக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் பின்னொருகால் இதுபற்றி வினவினோம். முடக்கத்தை அவர் கண்டிப்பார் என்ற எண்ணத்துடனேயே கேட்டோம். "முடக்கின அண்டைக்குத்தான் பிள்ளைகள் நித்திரை கொண்டார்கள்" என்றார் அவர். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "கட்டாரில் இருந்த தம்பிக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லாமல் போனதும் அண்டைக்குத்தான்" என்று சேர்த்துக்கொண்டார். கருத்துச் சுதந்திரம் பற்றி மேசையிலிருந்து எழுதும் நம்போன்றோர் இவ்விரு வாக்கியங்களையும் ஒருங்கே தாங்கவேண்டும். முதலாவதை மறந்தால் நாம் இரக்கமற்றவராவோம். இரண்டாவதை மறந்தால் அதிகாரத்தின் எடுபிடிகளாவோம்.

வதந்தி இணையத்துடன் பிறந்ததென்று கருதுவோர் 1958ஐ நினைத்துப் பார்த்தல் நன்று. பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்புப் பகுதியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி அவ்வூரில் வாய்வழியே பரவியது. அவ்வாறு ஓர் ஆசிரியை இருந்ததேயில்லை. ஆனால் அவ்வூர்க் கோவிலின் அர்ச்சகர் உயிருடன் எரிக்கப்பட்டார். அவசரகாலத் தணிக்கை பத்திரிகைகளின் வாயை அடைத்தது. வதந்தியின் வாயை அடைக்கவில்லை. அக்கலவரத்தைப் பற்றித் தார்சி விட்டாச்சி எழுதிய நூலே இலண்டனில்தான் வெளியாக முடிந்தது. பொய் ஒருபோதும் அச்சகத்தின் அனுமதிக்காகக் காத்திருந்ததில்லை. காத்திருக்க நேர்ந்தது உண்மைக்குத்தான்.

ஆங்கில மெய்யியலறிஞர் ஜோன் ஸ்ரூவட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஓர் உதாரணம் தந்தார். தானிய வணிகர் ஏழைகளைப் பட்டினியிடுகின்றனர் என்ற கருத்தைப் பத்திரிகையில் எழுதுவதைத் தடுக்கலாகாது. அதே கருத்தைத் தானிய வணிகனின் வீட்டு வாசலில் ஆத்திரங்கொண்டு திரண்ட கூட்டத்தின் முன் முழங்கினால் தண்டிக்கலாம் என்பது அவர் துணிபு. பத்திரிகை ஓரிடத்திலும் வாசல் வேறோரிடத்திலும் இருந்த உலகத்துக்கு அது போதுமானதாயிருந்தது. திகனையில் வாசலில் நின்ற ஒவ்வொருவன் கையிலும் பத்திரிகை இருந்தது. எழுதப்பட்டதும் வாசிக்கப்பட்டதும் தீயிடப்பட்டதும் ஒரே தெருவில், ஒரே மாலையில் நிகழ்ந்தன. மில்லின் கோட்டினை எங்கே கீறுவது?

நம் கருத்தில் அக்கோடு இடத்தால் வரையறுக்கப்படுவதன்று, வாசிப்பினால் வரையறுக்கப்படுவது. ஒரு சொல் தீங்கானதா என்று அறிய அச்சொல்லை வாசிக்கவேண்டும். யார் யாரை நோக்கி, எந்த மொழியில், எந்நிலையில் கூறினர் என்று அறியவேண்டும். கம்பனி வாசிக்கத் தெரியாமல் விட்டது. ஆணைக்குழு வாசிக்காமலே எல்லாவற்றையும் மூடியது. கொலை மிரட்டலும் கட்டாரிலிருந்த தம்பியின் விசாரிப்பும் அதற்கு ஒன்றாயின. மூன்றாவதாக, வாசித்தும் பிழைபட வாசிப்பவர் உளர். அவர்களால் விளைந்த கேட்டினை எழுதுவோராகிய நாம் நன்கறிவோம். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பேஸ்புக்கில் வெளியிட்ட சிறுகதைக்காக 2019 ஏப்ரிலில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். அவரைக் கைதுசெய்யப் பயன்பட்டது, குடிசார், அரசியல் உரிமைகளைப் பேணுவதற்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டம். இம்முரணைப் பாத்திரமாக்கி எவரேனும் ஒரு நாடகம் எழுதலாம். தமிழில் எழுதும் இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தம் கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதத்தில் கைதானார். 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இது அச்சு நூலன்றோ, இணையத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு வாசிப்பில்தான். கவிதையின் குறிப்புப்பொருளை அம்மொழியறியாதவர் தீர்ப்பிட்டால் என்ன நேரும் என்பதற்கு, இணையம் வேண்டாமலே ஒரு சான்று இது. பரீட்சையில் ஐந்து புள்ளி குறைந்த மாணவன் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தால் சில வாரங்களில் விடை வருகிறது. ஒரு கவிதைத் தொகுதியின் மீள்பரிசீலனைக்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.

நக்கீரர் கதையை வாசகர் அறிவர். இறைவனே எழுதிய கவிதையில் பொருட்குற்றம் உண்டென்று அவர் சாதித்தார். அதனைப் புலவனின் நெஞ்சுரத்துக்கு உதாரணமாகவே நாம் வகுப்பில் கற்பித்து வருகிறோம். ஒழுங்குபடுத்துவோருக்கும் அதிலொரு பாடம் உண்டு. நக்கீரர் சபையில் எழுந்து நின்று, தம் பெயருடன், கவிதையை வாசித்து, குற்றம் இன்னதென்று கூறினார். எழுதியவன் எதிர்வாதம் செய்ய இடமிருந்தது. எரிக்கும் வல்லமையோ குற்றம் கண்டவரிடம் இல்லை; எழுதியவனிடம் இருந்தது. இன்று நிலைமை தலைகீழாயிற்று. குற்றம் காண்பவரிடமே நெற்றிக்கண்ணும் இருக்கிறது, சபை கூடுவதில்லை, குற்றம் எந்த அடியில் உள்ளதென்று எவரும் சொல்வதுமில்லை.

2022 ஏப்ரில் 3ஆம் திகதி இதற்குச் சான்று. எரிபொருளும் மருந்தும் மின்சாரமும் இன்றி மக்கள் வீதிக்கு வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. நாடெங்கும் ஊரடங்கு. நள்ளிரவு தொடங்கிப் பிற்பகல் வரை சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அன்று எவர் வீட்டையும் எவரும் எரிக்கப் புறப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி செய்ததாக ஆணைக்குழு கூறியது. எந்த அதிகாரத்தின் கீழ் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு வினவியது; முடக்கம் நீங்கியது. நம் வீட்டிலோ அது காலை எட்டு மணிக்கே நீங்கிவிட்டது: அயல்வீட்டுச் சிறுவன் மதிலுக்கு மேலால் தொலைபேசியை வாங்கி, வீபிஎன் என்ற சுற்றுவழியை இரண்டு நிமிடத்தில் அமைத்துத் தந்தான். சட்டத்தை மதிக்கக் கற்பிக்கும் ஆசிரியர், சட்டத்தைச் சுற்றிச் செல்லும் பாடத்தைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் கற்றதைப் பற்றி நாம் இன்னும் முழுமையாக வெட்கப்பட முடியவில்லை. 2018இல் கொலைக்குத் தூண்டியோரை நிறுத்தப் பயன்பட்ட அதே சாவி, நான்காண்டுகளில் பாண் கேட்டோரை நிறுத்தப் பயன்பட்டது. சாவியைச் செய்தபோது திகனையைக் காட்டியே செய்தார்கள்.

2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்னைய சாவி கட்டடம் முழுவதையும் பூட்டியது. இது அறை அறையாகப் பூட்டுவது. அவ்வகையில் இது முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. பொய்யென அறிந்தும் ஏமாற்றும் நோக்குடன் கூறுவதையே இச்சட்டம் பொய்க்கூற்று என்கிறது. நல்லெண்ணத்துடன் கூறிய கருத்தை விலக்குகிறது. வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த இலக்கணமும் தீங்கின்மையைப் பற்றியதே என்று நினைக்கையில், சட்டம் இயற்றியோர் தொட்ட பொருள் அற்பமானதன்று. ஆயின் ஒருவர் பொய்யென அறிந்தே கூறினாரா என்று அவர் நெஞ்சினுள் நுழைந்து காண்பவர், ஜனாதிபதி நியமிக்கும் ஐவர். அறிவித்தல் பெற்றவர் 24 மணித்தியாலத்துள் இணங்கவேண்டும். அவ்வைவருக்குச் சட்டம், தகவல் தொழில்நுட்பம், பத்திரிகைத்துறை, முகாமைத்துவம் முதலிய துறைகளில் தகைமை கேட்கப்பட்டது. மொழியறிவு அப்பட்டியலில் இல்லை. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதும் அங்கதத்தையும், ஹற்றனிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி எழுதும் சம்பளக் குமுறலையும் எவர் வாசித்து, எவருக்கு மொழிபெயர்த்து, எந்தச் சொல்லைக் குற்றமெனக் காட்டுவார்?

அம்மாணவன் இப்போது ஒரு வங்கியில் பணிபுரிகிறான். அண்மையில் கண்டபோது நம் விடையைக் கூறினோம். தடையே கூடாது என்று நாம் கூறவில்லை. தடுப்பவர் தம் பெயரையும், ஆணையிட்டவர் பெயரையும், குற்றமெனக் கண்ட சொற்களையும், காரணத்தையும் மும்மொழியிலும் அன்றே அச்சிட்டு வெளியிடவேண்டும். தடுக்கப்பட்டவன் வந்து வாதாட ஒரு சபை வேண்டும் என்றோம். அதற்கெல்லாம் காசு வேண்டாமா, சேர், என்று சிரித்தான். கோபுரம் எதுவும் கட்டவேண்டியதில்லையே, வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டுதானே இருக்கிறது என்றோம்.