இருபதாவது மைல்

ஒருவர் சொல்வது உண்மை. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட உண்மையை என்ன செய்வது? அமெரிக்க நாடாளுமன்றம் லோரிகளை வைத்துப் பல வருடம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது.

1994இல் நாஃப்டா ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. மெக்சிகோ லோரிகள் 1995 டிசம்பரில் இருந்து எல்லை மாநிலங்களிலும், 2000இல் இருந்து அமெரிக்கா முழுவதும் ஓடலாம் என்று அதில் வாக்கு கொடுக்கப்பட்டது. நாள் வந்ததும் கிளின்டன் அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது. அது ஒப்பந்த மீறல் என்று 2001இல் நடுவர் குழு ஒருமனதாகச் சொன்னது.

பாதுகாப்புக் கவலை ஒன்றும் பொய்யில்லை. ஓட்டுநர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதில் அன்று மெக்சிகோவில் அமெரிக்கா அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. 36 டன் லோரியைத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் என்ன ஆகும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. எல்லையை ஒட்டிய 3 முதல் 20 மைல் வட்டாரத்துக்குள் மெக்சிகோ லோரிகள் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன. பாலத்தில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கிற வேலைக்கு யார் புது லோரியை அனுப்புவார்? வந்தவற்றில் பல பழசு. லரேடோ, எல் பாசோ தெருக்களில் ஓடலாம், உள்ளே போனால்தான் ஆபத்து என்றால், அந்த ஊர்க்காரர்களின் உயிர் எந்தக் கணக்கில் வரும்? கனடா லோரிகளுக்கோ இந்தத் தடையே இல்லை.

2001இல் பிரதிநிதிகள் அவை அனுமதிக்கான பணத்தையே தடுக்க வாக்களித்தது. செனட்டில் மர்ரியும் ஷெல்பியும் 22 நிபந்தனைகள் வைத்தார்கள்: நிறுவனத்தை நேரில் போய்ச் சோதிப்பது, ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்ப்பது, காப்புறுதி. இது பாரபட்சம் என்று மெக்கெய்னும் கிராமும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் முழுத் தடை கொடியைப் பார்த்தது. நிபந்தனை பிரேக்கையாவது பார்த்தது.

காரணம் சொல்பவரின் நோக்கம் கெட்டது என்பதற்காகக் கெட்ட பிரேக் நல்ல பிரேக் ஆகிவிடாது. அதனால் நோக்கத்தைத் தோண்டுவதைவிட, 'என்ன செய்தால் ஒத்துக்கொள்வீர்கள்?' என்று கேட்பதே சரியான சோதனை. 2007இல் தொடங்கிய சோதனைத் திட்டத்துக்கான பணத்தைக்கூட 2009இல் காங்கிரஸ் வெட்டியது. சோதித்துப் பார்க்கவே விடாதவர் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசுகிறாரா? மெக்சிகோ பதிலுக்குச் சுமார் 90 பொருள்களுக்கு வரி போட்டது. லோரிக்குச் சம்பந்தமே இல்லாத உருளைக்கிழங்கு விவசாயியும் மாட்டிக்கொண்டார். 2011இல்தான் சமரசம் வந்தது.

டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்துக்குச் சம்பளம் குறையும், வேலை போகும் என்ற பயம் இருந்தது. அதுவும் நேர்மையான பயம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் வாதம். கூலிக்கு ஆபத்து என்றால் வெறும் புலம்பல். அதனால் ஒரு பயம் இன்னொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவைக்குள் நுழைகிறது. நாம் அதைப் போலி என்று சுலபமாகச் சிரிக்கிறோம். சொந்தச் சட்டையில் வந்திருந்தால் கதவைத் திறந்திருப்போமா?

இத்தனை விவாதத்திலும் மெக்சிகோ ஓட்டுநரின் தூக்கம் மற்றவர்களுக்கு ஆபத்தாகத்தான் பேசப்பட்டது. அவருக்கும் தூக்கம் தேவை என்பது யார் வைத்த நிபந்தனை?