கனவுக் காரும் செலவுக் கணக்கும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்துக் கோயில் கதவைச் சாத்துகிற வேளையில், கெபியண்டை ஒரு வாலிபன் எனக்காகக் காத்து நின்றான். நம் பங்குப் பிள்ளைதான். வயது 22. இயந்திரவியல் படித்து முடித்தவன். (அவன் பேசியது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல, கெபிப் படிக்கட்டில். “எழுதிக்கொள்ளுங்கள் சுவாமி, பேர் மட்டும் வேண்டாம்” என்று அனுமதியும் தந்திருக்கிறான். ஆகையால் யாரும் திடுக்கிட வேண்டாம்.) அலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினான். தரையோடு தரையாய்ப் பதுங்கிய ஒரு மஞ்சள் கார். லம்போர்கினியாம். காலையில் எழுந்ததும் செபத்துக்கு முன்பே அந்தப் படத்தைத்தான் பார்க்கிறானாம்.

“சுவாமி, 35 வயதுக்குள் இதை நான் வாங்கவேண்டும். அதற்கு ஏற்ற உத்தியோகம் எதுவோ அதில்தான் சேரப்போகிறேன். இப்படி ஆசைப்படுவது பாவமா?” என்றான்.

அவனுக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, கியர் வெட்டும் தொழிற்சாலையில் பயிற்சியாளன் வேலை. சம்பளம் கொஞ்சம், கையெல்லாம் எண்ணெய். மற்றது, முதலீட்டுத் திட்டங்களையும் இன்சூரன்ஸ் பாலிசிகளையும் வீடு வீடாகச் சென்று விற்கும் வேலை. கமிஷனோடு சேர்த்தால் முதல் மாதமே மூன்று பங்கு வரும் என்கிறார்கள். பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பாவமல்ல என்றுதான் அவனுக்குச் சொன்னேன்; உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன். பத்தாம் கட்டளை பிறனுடைய உடைமைமேல் இச்சை வைப்பதை விலக்குகிறதேயன்றி, ஒருவன் வேர்வை சிந்திச் சம்பாதித்துத் தனக்கென ஒன்றை வாங்க நினைப்பதை விலக்கவில்லை. நன்றாய்ச் செய்யப்பட்ட இயந்திரம் அழகானதுதான். நான் குருமடத்தில் தத்துவசாஸ்திரம் படித்த நாட்களில், தெருவில் புல்லட் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் என் மேசையைவிட்டு எழுந்து போய்விடுவார். இன்று என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். மழை நாளில் அதுவும் என் சொல் கேட்பதில்லை. ஆகவே வாலிபருடைய ஆசையைப் பார்த்துப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

என்னை உறுத்தியது அவன் சொன்ன வேறொரு வார்த்தை. காருக்கு ஏற்ற உத்தியோகம் என்றானே, அது. அவன் காட்டிய அந்தக் காருக்குப் பேர் கொடுத்த மனிதருடைய வாழ்க்கையே அந்த வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. அதைச் சற்று விரிவாய்ச் சொல்ல எனக்கு இடங்கொடுங்கள்.

பெருச்சியோ லம்போர்கினி 1916-ம் ஆண்டு இத்தாலி தேசத்தில், செந்தோ பட்டணத்தைச் சேர்ந்த ரெனாட்சோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய்தகப்பன் குடியானவர்கள். பிள்ளைக்கோ வயலைவிட வயலில் ஓடிய இயந்திரத்தின்மேல்தான் பிரியம். இரண்டாம் உலக யுத்தத்தில் ரோது தீவில் இத்தாலிய விமானப்படையின் வாகனங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காய் இருந்தார். முடிவில் ஆங்கிலேயரிடம் கைதியானார். 1946-ல் வீடு திரும்பினார். அடுத்த வருஷமே அவருடைய இளம் மனைவி ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்துவிட்டு இறந்துபோனாள். கையில் பச்சைக் குழந்தை. சுற்றிலும் யுத்தத்தில் நொறுங்கிய நாடு.

அந்த ஊர்க் குடியானவர்களுக்கு டிராக்டர் தேவைப்பட்டது. வாங்கப் பணமில்லை. யுத்தம் விட்டுப்போன ராணுவ வண்டிகளோ துருப்பிடித்துக் கிடந்தன. அவர் அந்த எஞ்சின்களையும் உறுப்புகளையும் மலிவாய் வாங்கி டிராக்டராக மாற்றினார். பெட்ரோல் விலை அதிகமாயிருந்த காலம் அது. எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பின் மலிவான எண்ணெயில் ஓடவைக்கும் ஒரு கருவியையும் அமைத்தார். 1948-ல் டிராக்டர் கம்பெனி பிறந்தது. ஏழைக் குடியானவன் தன் நிலத்தை உழ முடிந்தது. இவருக்கும் செல்வம் சேர்ந்தது. இருவரும் வாழ்ந்தார்கள். கவனியுங்கள், யாருடைய பையும் காலியாகவில்லை.

வேகத்தின்மேல் ஆசை அவருக்கு இல்லாமலில்லை. அதே 1948-ல் ஒரு சின்ன ஃபியட் காரைத் தாமே மாற்றியமைத்து மில்லே மில்யா என்ற புகழ்பெற்ற ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டு, வழியில் ஒரு சாப்பாட்டு விடுதியின் சுவரில் கொண்டுபோய் மோதினார். பந்தயம் அதோடு சரி. மறுபடி டிராக்டருக்குத் திரும்பிவிட்டார். அவர் ஃபெராரி கார் வாங்கியது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அந்தக் காரின் கிளட்சைப் பற்றி ஃபெராரியிடம் குறை சொல்லப்போய், டிராக்டர்காரனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்ற பாவனையில் பதில் கிடைத்தது என்றும், அந்த ரோஷத்தில்தான் சொந்தமாய்க் கார் செய்யப் புறப்பட்டார் என்றும் கதை சொல்லுவார்கள். கதை எப்படியிருந்தாலும், 1963-ல் சந்தாகாத்தா பொலொஞ்ஞேசே என்ற ஊரில் அவருடைய கார் தொழிற்சாலை எழும்பியது. அதைக் கட்டிய பணம் டிராக்டர் கொடுத்த பணம்.

பிள்ளைகளே, இங்கேதான் நிற்கவேண்டும். இந்த மனிதர், எந்த வேலையில் சேர்ந்தால் கார் வாங்கலாம் என்று தேடவில்லை. தம் கைக்கு வந்த வித்தை என்ன, தம்மைச் சுற்றியிருந்த ஜனங்களுக்கு இல்லாதது என்ன என்று பார்த்தார். அந்த இரண்டும் சந்தித்த இடத்தில் பதினைந்து வருஷம் உழைத்தார். கார் பின்னால் வந்தது. இன்னொன்றும் உண்டு. 1970-க்குப் பிறகு வியாபாரம் நொடித்தது. 1972-ல் கார் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கையும், 1974-ல் மீதியையும் விற்றுவிட்டார். அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் பிறந்த உம்பிரியா நாட்டில், திராசிமேனோ ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டு வாழ்ந்து, 1993-ல் மரித்தார். கார் போனபின்பும் மண்ணில் இறங்கி வேலை செய்யத் தெரிந்த கை அவருக்கு மிஞ்சியிருந்தது. காருக்காகவே உத்தியோகம் தேடுகிறவனுக்குக் கார் போனால் என்ன மிஞ்சும்?

அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில், கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நமது ஆண்டவர் சொல்லுகிறார். சீஷத்துவத்தின் விலையைப்பற்றி அவர் சொன்ன உவமை அது, மெய்யே. ஆனாலும் தச்சர் வீட்டில் வளர்ந்தவருக்கு அரைகுறையாய் நின்றுபோன கட்டடங்களைத் தெரியாதா? நாமும் உட்காருவோம். ஒரு பேச்சுக்குக் கார் 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (படத்திலிருக்கிற கார் இதைப்போல் பல மடங்கு, இறக்குமதி வரி வேறு.) நூற்றுக்கு 9 வட்டியில், 7 வருஷத் தவணைக்கு முழுத் தொகையையும் கடன் வாங்கினால், மாதம் ஏறக்குறைய 80,450 ரூபாய் கட்டவேண்டும். முடிவில் கட்டியிருப்பது சுமார் 67 லட்சத்து 57 ஆயிரம். மற்றொருவன் கடன் வாங்காமல், நூற்றுக்கு 6 வட்டி கிடைக்கிற இடத்தில் மாதம் 50,000 சேர்க்கிறான். வருமான வரியை விட்டுப் பார்த்தால், 82-ம் மாதம் அதே 50 லட்சம் அவன் கையில் இருக்கும். ஏறத்தாழ அதே ஏழு வருஷம். மாதத்துக்கு முப்பதாயிரம் வித்தியாசம். முதலாமவன் அந்த முப்பதாயிரத்தை எதற்காகக் கொடுத்தான்? பொறுக்க மாட்டாமைக்காக. அது மட்டுமா, வாங்கிய மறுநாளே விலை இறங்குகிற சாமான் அது. இன்சூரன்ஸ், டயர், பெட்ரோல், பழுது எல்லாம் தனி.

இது ரூபாய்க் கணக்கு. எழுதுவது சுலபம். எழுத முடியாத கணக்கு ஒன்று உண்டு. அதைத்தான் நான் வீடு மந்திரிக்கப் போகும்போது பார்க்கிறேன். நம் பங்கில் இரண்டு வீடுகளில், மகன் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்காகத் தாயின் நகை அடகில் இருக்கிறது. முப்பது பவுனல்ல, நாலு பவுன்தான். ஆனால் ஒரு வீட்டில் அது தாலிச்சங்கிலி. அந்த அம்மாள் மஞ்சள் கயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எனக்குக் காப்பி கொடுத்தாள். மகன் நல்லவன், வேலைக்குப் போகிறான், குடிக்கிறதில்லை. அவன் அந்தக் கழுத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் முன்பிருந்த பங்கில் ஒருவர் வெளிநாட்டில் பல வருஷம் உழைத்தார். குடும்பத்துக்குச் சோறுபோட அல்ல, அது முதல் ஐந்து வருஷத்தில் முடிந்தது. பிந்திய வருஷங்கள் பெரிய காருக்காக. கார் வந்தது. அவர் மகளோ அந்தக் காரில் ஏறாமல் தாத்தாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். அதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இனி அந்த இரண்டாவது உத்தியோகத்தைப்பற்றி ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் விற்பது ஈனமான தொழில் என்று நான் சொல்லுகிறேன் என யாரும் எண்ணவேண்டாம். வீட்டுத் தலைவனை இழந்த பிறகு பாலிசிப் பணத்தால் பிள்ளைகளைப் படிக்கவைத்த விதவைகள் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதை விற்றவர் புண்ணியவான். ஆனால் கமிஷனுக்காக, பென்ஷன் வாங்கிய முதியவர் ஒருவரிடம், வருஷா வருஷம் கட்டவேண்டிய பாலிசியைப் பாங்கு டெபாசிட் என்று சொல்லித் தலையில் கட்டுவதும் நடக்கிறது. அந்த வாலிபனை நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “உன் கையிலுள்ள திட்டத்தை, அதன் எல்லா நிபந்தனையும் தெரிந்தபிறகு, உன் சொந்தப் பாட்டிக்கு விற்பாயா?” பேசாமல் நின்றான். படிக்கட்டில் கொசு வேறு. நான் அவசரப்படுத்தவில்லை.

(இதை வாசிக்கிற பெரியவர்களுக்கு: ஆயுள் பாலிசி பத்திரம் கைக்கு வந்தபின் உங்களுக்குச் சொன்னதும் அதில் எழுதியிருப்பதும் வேறாயிருந்தால், 30 நாளைக்குள் எழுத்துமூலம் திருப்பிவிட உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மாயிருந்துவிடாதீர்கள்.)

லம்போர்கினி கார் ஒன்று பாப்பானவரிடமே போன கதையையும் அவனுக்குச் சொன்னேன். பாப்பரசர் பிரான்சிஸ் கார் விஷயத்தில் எப்படிப்பட்டவர் என்பது உலகமறிந்தது. 2013-ல் குருமாணவர்களையும் நவசந்நியாசிகளையும் சந்தித்தபோது, புத்தம்புதுக் காரில் வரும் குருவையோ கன்னிகையையோ கண்டால் தமக்கு மனம் நோகிறது என்றார். (எங்களுக்குச் சொன்னது அது. நாங்கள் கேட்டுக்கொள்ளவேண்டியது.) அதே வருஷத்தில் ஓர் இத்தாலிய குருவானவர், 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 1984-ம் வருஷத்து ரெனோ காரைக் கொடுத்தபோது, அதைச் சந்தோஷமாய் வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவருக்கு 2017 நவம்பரில் அந்தக் கம்பெனியார் பொன்னிறக் கோடு போட்ட ஒரு வெள்ளைக் காரைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். அவர் அதை மந்திரித்தார், முன்மூடியில் கையெழுத்துப் போட்டார், விற்கக் கொடுத்துவிட்டார். 2018 மே மாதம் மொனாக்கோவில் ஏலத்தில் 7 லட்சத்து 15 ஆயிரம் யூரோவுக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, ஈராக் தேசத்து நினிவே சமவெளிக்கென்று ஒதுக்கப்பட்டது. 2014-ல் ஒரே இரவில் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடிய நம் கிறிஸ்தவ சகோதரர்கள், யோனாஸ் தீர்க்கதரிசி பிரசங்கித்த அந்தப் பூமிக்குத் திரும்பி, எரிந்துபோன வீடுகளையும் கோயில்களையும் மறுபடி கட்டுவதற்காக.

அதைக் கேட்டு அவன் சிரித்தான். “ஒரு ரவுண்டாவது ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றிருக்கலாமே, சுவாமி!” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சொல்லவில்லை.

அந்தப் படத்தை அழித்துவிடு என்று நான் அவனிடம் கேட்கவில்லை. காலைச் செபத்துக்குப் பிறகு பார்த்தால் போதும் என்று மட்டும் சொன்னேன். எந்த வேலை என்று அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. கியர்த் தொழிற்சாலைக்காரர்கள் இம்மாதம் 30-ந் தேதிவரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அவனுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

பெற்றோரே, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நான் பங்கு அறைத்திண்ணையில் இருப்பேன். வண்டிக்கடன், நகைக்கடன், பாலிசி எதுவானாலும் பத்திரத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நம் பங்கு அன்பர் ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்ல இசைந்திருக்கிறார். மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாக வராதீர்கள்.