இறங்குகிறவர் நிற்கட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எதிரே யார் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. "நான் வருகிறேன், ஜாக்கிரதை" என்று முகம் தெரியாத ஒரு மனிதருக்கு அவர் சொல்லும் வார்த்தை அது. கடைவீதியிலோ அதே ஹாரனுக்கு "விலகு" என்று அர்த்தம். சமவெளியிலிருந்து புதிதாக வரும் காரோட்டிகள் அந்த ஒலியை வசவாக எடுத்துக்கொண்டு முறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் வேண்டியது உயிர்ப் பாதுகாப்புதான். இருந்தும் சண்டை வருகிறது.

ஒரு தெருவிலோ ஊரிலோ பாதுகாப்பைப் பற்றி எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். "கிணற்றுக்குச் சுவர் எடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், "நீ பொறுப்பில்லாதவன்" என்று அது மற்றவர் காதில் விழுகிறது. அப்புறம் கிணறு மறந்துபோய்விடும், கௌரவம்தான் மிஞ்சும்.

அதற்காகச் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றால், கூடாது. பிறர் விழப்போவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். ஆனால், "சொல்லி வைப்போமே, தப்பாயிருந்தால் என்ன நஷ்டம்?" என்ற வாதத்தையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த நஷ்டத்தை 2018-இல் கண்டோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் போலவே சவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அந்த மலைப் பக்கம், போளூருக்கு அருகே இருக்கிறது அத்திமூர். அந்த ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்பதற்காக அங்கே நின்றது. 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை பரவியிருந்தது. கூட்டம் கூடிற்று. அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள்.

எச்சரிக்கையை அனுப்பியவர்களில் பலர் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவர்களாகவே இருந்திருப்பார்கள். கவலை நிஜம், செய்திதான் பொய். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நல்லதுதான். ஆனால் "இது உண்மையா?" என்று கேட்கும் வேலையை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யாது.

மலைப்பாதைக்கு ஒரு விதி உண்டு. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் அதை எழுதியே வைத்தார்கள். இரண்டு வண்டிகள் கடக்க இடமில்லையென்றால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி கிளம்புவது கஷ்டம். யாருக்குச் சௌகரியம் அதிகமோ அவருக்கே பொறுப்பும் அதிகம் என்பதுதான் இதிலுள்ள நியாயம். மனிதர் சண்டைகளுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்திமூரில் ஊரும் கூட்டத்தினுடையது; பலமும் அவர்களுடையதே. ஏறிக்கொண்டிருந்தவர் வழி தெரியாத ஒரு கிழவி. நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை.

எச்சரிப்பது பாதிக் கடமைதான். பதில் வரும்வரை காத்திருப்பது மறுபாதி. சந்தேகம் வந்ததில் தவறில்லை. "எந்த ஊருக்குப் போகணும், அம்மா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவர்கள் வண்டியை நிறுத்தியதே அதைச் சொல்வதற்குத்தான்.