ராணிக்குக் கண் போன பிறகு

குரு வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவர். ஓய்வுபெற்ற பின் மாலையில் சைவ சித்தாந்தம் சொல்லிக்கொடுக்கிறார். அதனால் அவரிடம் கேட்கிற கேள்வி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

சீடன்: ஐயா, எங்கள் ராணிக்குத் திடீரென்று பார்வை போய்விட்டது. பந்தைத் தாவிப் பிடித்த நாய் இன்று சுவரில் மோதிக்கொண்டு நிற்கிறாள். வாயில்லா ஜீவன், என்ன வினை செய்திருப்பாள்?

குரு: வினையை அப்புறம் விசாரிக்கலாம். டாக்டரிடம் காட்டினாயா?

சீடன்: காட்டினேன், ஆனால்...

குரு: கண் சிவந்து, தொடவிடாமல் வலித்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கண் போனதுதான். ரத்தக்கொதிப்பால் விழித்திரை கழன்றிருந்தால், சட்டென்று மருந்து கொடுக்கச் சில நாய்களுக்குப் பார்வை திரும்பும். உண்ணிக் காய்ச்சலும் கண்ணைக் கெடுக்கும். சர்க்கரை வந்த நாய்க்குக் கண்புரை வேகமாக முற்றும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் தத்துவம்.

சீடன்: எல்லாம் பார்த்தார்கள், ஐயா. கண் பளிச்சென்று நன்றாகவே இருக்கிறது. கடைசியில் விழித்திரையின் மின்னலையைப் பதிவு செய்தார்கள். கோடு அசையவே இல்லை. ‘சார்ட்ஸ்’ என்றார் டாக்டர்.

குரு: ஒளியை வாங்குகிற செல்கள் மொத்தமாகச் செத்துப்போகும் நோய். பலன் உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. ராணி நடு வயது டாஷண்ட் நாய். இந்த நோய் அடிக்கடி பிடிக்கிற வகைதான். தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா?

சீடன்: வைக்க வைக்கக் குடிக்கிறாள். பசியும் அடங்கவில்லை. பாவம் என்று ஆளுக்கொரு பிஸ்கட் போடுகிறோம்.

குரு: அந்தத் தாகமும் பசியும் பல நாய்களுக்கு இந்த நோயோடு வருபவை. உங்கள் இரக்கத்தையெல்லாம் பிஸ்கட்டாகப் போட்டால் டாஷண்ட் முதுகு தாங்காது.

சீடன்: தொல்காப்பியர் விலங்கை ஐந்தறிவு உயிர் என்கிறார். கண் போனதால் ராணி நாலறிவு ஆகிவிட்டாளா?

குரு: உடம்பு, நாக்கு, மூக்கு, கண், செவி என்று அடுக்குகிறார். உயிர்களை வகைப்படுத்த வந்த கணக்கு அது. ஒன்று போனால் கழித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த வரிசையில் மூக்கு மூன்றாவது. நாயைக் கேட்டால் முதலில் வைத்திருக்கும். வாசனையை அறியும் செல்கள் நமக்குச் சில பத்து லட்சம் என்றால் அதற்குப் பத்துக் கோடிக்கு மேல். உன் வீட்டை அவள் என்றைக்கும் கண்ணால் மட்டும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

சீடன்: அப்படியானால் அவளுக்குத் துயரமே இல்லை என்கிறீர்களா? நமக்கு வசதியான தத்துவமாக இருக்கிறதே!

குரு: (சிரிக்கிறார்) நல்ல அடி. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்வை போன நாய்கள் முதல் வாரங்களில் கட்டிலடியில் ஒதுங்கும், தொட்டால் கடிக்க வரும், விளையாட்டை விட்டுவிடும். அதைத் துயரம் என்று சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ‘இனி எப்படி வாழ்வேன்’ என்று ராத்திரி விழித்திருப்பது நீ. நேற்று திண்ணையோரம் இருந்த ஸ்கூட்டர் இன்று நடைவழியில் நிற்கிறதே, அவளுடைய பிரச்சினை அது. போன இடத்தில் மூக்கு இடிக்கிறது. நம்பின தரை ஏமாற்றுகிறது. பார்வையை உன்னால் தர முடியாது. ஸ்கூட்டரை நகர்த்தாமல் இருக்க முடியும்.

சீடன்: இரக்கம் என்பது இவ்வளவுதானா?

குரு: இவ்வளவைச் செய்து பார். இரக்கப்படுவது சுலபம், செருப்பைத் தினமும் ஒரே மூலையில் விடுவது கஷ்டம். தண்ணீர்க் கிண்ணத்தடியில் கோரைப்பாய்த் துண்டு ஒன்று, படிக்கட்டு தொடங்கும் இடத்தில் சணல் சாக்கு. பாதம் பட்டதுமே எங்கே நிற்கிறோம் என்று தெரியும். தொடுவதற்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடு. தூங்குகிற நாயைக் குழந்தைகள் தொடவேண்டாம். குட்டைக் கால் பாவம் என்று தூக்கிக்கொண்டு திரிகிறாயா?

சீடன்: ஆமாம், அறைக்கு அறை.

குரு: இறக்கிவிடும்போது எந்த அறை, எந்தப் பக்கம் வாசல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நடக்கவிடு. தூக்கியே ஆகவேண்டுமென்றால் அவள் படுக்கையிலேயே இறக்கு. அங்கிருந்து வழி பிடித்துக்கொள்வாள்.

சீடன்: ஊசி போட்டுவிடுவதே புண்ணியம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.

குரு: யாருடைய கஷ்டம் தீர என்று மாமாவைக் கேள். தீராத வலியில் துடிக்கிற நாய்க்கு நானே போட்டிருக்கிறேன். இந்த நோயில் கண்ணுக்கு வலி கிடையாது. சார்ட்ஸ் வந்த நாய்களை வளர்த்தவர்களைக் கேட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. கருணைக்கொலை வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள்.

சீடன்: இன்னொன்று, ஐயா. பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். சாமானெல்லாம் வெளியே வரும்.

குரு: ஒவ்வோர் அறையாக அடியுங்கள். ஓர் அறை முடிந்து, சாமான் பழைய இடத்துக்கே போன பிறகு அடுத்தது. வாடை அடங்கும்வரை அவள் படுக்கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்த நெடியில் மூக்கும் உதவாது. கட்டிலைத் திருப்பிப் போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள்.

சீடன்: அம்மாதான் சொல்வாள்.

குரு: அப்படியானால் அடுத்த வகுப்புக்கு அம்மாவை அழைத்து வா.