வழிதப்பியவர் யாவர்?

மரபினின்று நீங்கியவரையும் மரபிற்கு மாறான கருத்தையும் குறித்தற்கு நம் மொழியிற் சொற்கள் பல உள. வழு, புறம்பு, விலக்கு, புரட்டு, புதுமை என்பன அவற்றுட் சில. அவற்றுள் ஒன்றை ஒருவர்மேல் வைக்கும்போது நாம் செய்வது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய பெரக்கரை நாட்டிற்கு நாம் ஒருகாற் சென்றிருந்தபோது முதியவர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. தம் இளமையில், சாமையும் கேழ்வரகும் விளைந்த தந்தையின் கொல்லையில் மரவள்ளிக் குச்சியை ஊன்றியபோது, ஊரார் தம்மை 'வழிதப்பியவன்' என்றனராம். பின்னர் மரவள்ளி அம்மலையிற் பெரிதும் பரவிற்று. இன்று அவர் பேரன் அதே கொல்லையில் மீண்டும் சாமை விதைத்துள்ளான். அவனையும் ஊரார் 'வழிதப்பியவன்' என்கின்றனராம். முதியவர் இதனைச் சொல்லி நகைத்தார். நமக்கோ அது சிந்தனைக்கு உரியதாயிற்று. பயிர் மாறியும் சொல் மாறவில்லை. ஆகவே அச்சொல் பயிரின் குணத்தையோ நிலத்தின் தன்மையையோ உணர்த்திற்றில்லை. பலர் செல்லும் வழியே ஒருவன் செல்லவில்லை என்பதை மட்டுமே உணர்த்திற்று.

இம்மயக்கம் வாராமைக்கு நம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். இலக்கண நூலார் வழுவென்று கூறி அமையாது, தக்க காரணமுடையதை வழுவமைதியென வேறு பிரித்தனர். காலப்போக்கிற் பழையன வீழ்ந்து புதியன வருதல் குற்றமாகாது என்பதைப் பவணந்தியார் நன்னூலின் இறுதியில் வைத்தார். சித்தாந்த நூலாரோ சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஆறாக விரித்தனர். இவற்றை வசையாகக் கொள்ளுதல் பிழை. உண்மைக்கு எக்கொள்கை எத்துணை அணிமையில் நிற்கின்றது என்பதைக் காட்டும் அளவைப் பெயர்கள் இவை.

அளத்தற்கு முன்னர்க் கேட்டல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். கடவுளையே ஒப்பாத உலகாயதனுக்கும் தன் வழக்கை உரைக்க அந்நூலில் இடம் கிடைத்தது.

அவ்விடம் எக்காலத்தும் யாவர்க்கும் கிடைத்ததோ எனின், இல்லை. சந்தான குரவருள் நான்காமவராகிய உமாபதி சிவம் தில்லைவாழந்தணர் மரபினர். அவர் மறைஞானசம்பந்தரை ஆசிரியராகக் கொண்டு, அவர் கையினின்று ஒழுகிய கூழை ஏற்று உண்டமையால், தம் குலத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. அன்று அவர் பெற்ற பெயர் விலக்குண்டவர் என்பதே. மெய்கண்ட நூல்கள் பதினான்கனுள் எட்டு அவர் இயற்றியவை. அவற்றுள் ஒன்றாகிய சங்கற்ப நிராகரணம் 1313ஆம் ஆண்டினது. மரபை முறித்தவர் என விலக்கப்பட்டவரே இன்று நமக்கு மரபாக நிற்கின்றார்.

அற்றேல், மரபை விட்டார் யாவரும் உமாபதியார் ஆவரோ எனின், ஆகார். புதியது என்ற ஒன்றே கொண்டு ஒருவரைப் புரட்சியாளர் எனப் போற்றுவதும், அது கொண்டே வழிதப்பியவர் எனத் தூற்றுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். பழமையே நன்மைக்குச் சான்றாகாது, புதுமையே தீமைக்குச் சான்றாகாது என்னும் கருத்தைச் சிவப்பிரகாசத்தின் தொடக்கத்தில் அவரே அமைத்துள்ளார். எனவே, விட்டது எது, விடாது பற்றியது எது, எதன்பொருட்டு விட்டார் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். உமாபதியார் விட்டது குலவழக்கு, பற்றியது குருவருள், விட்டது திருவடிப் பேற்றின் பொருட்டு.

வினவாது சொல்லைப் பற்றுதலின் விளைவைச் சென்ற காலத்தும் கண்டோம். இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா எனும் பெயரால் அச்சேறின. ஆறுமுக நாவலர் தரப்பினின்று 1869இல் மறுப்பு எழுந்தது. இரு தரப்பினும் கற்றோர் காரணங் காட்டி வாதிட்டனர். ஆயினும் ஊரார் நாவில் நின்றவை அருட்பா, மருட்பா என்னும் இரு சொற்களே. ஓரெழுத்து வேற்றுமையைக் கற்றவர் பலர்; கருத்து வேற்றுமையைக் கற்றவர் சிலர்.

மீண்டும் பெரக்கரை நாட்டிற்கு வருவோம். ஏன் சாமை விதைத்தாய் என்று அவ்விளைஞனை ஊரார் வினவியதாக அம்முதியவர் கூறவில்லை. நாமும் அவனை வினவாதே மலையிறங்கினோம். அக்குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. ஒருவருக்குப் பெயரிடும் உரிமை அவர் சொல்லைக் கேட்ட பின்னரே நமக்கு உண்டாகும். அதுகாறும் நாவடக்கமே அறமாம்.