கூர்தலும் அதனை விளக்குங் கொள்கையும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் வெடியுப்பும் கந்தகமும் கரியுங் கூடிய மருந்து தீப்பற்றுதல் யாவரும் அறிந்த நிகழ்ச்சி. அஃது ஏன் எரிகின்றது என்பது வேறு வினா. எரிபொருளினின்று 'பிளாஜிஸ்டன்' என்பதொன்று வெளியேறுதலே எரிதல் என 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டனர். உயிர்வளியொடு கூடுதலே எரிதலென இலவாசியே அதனை மறுத்தார். (அவ்வளியை வெடியுப்புத் தன்னகத்தே கொண்டிருத்தலின் அடைத்த வெடியும் எரிகின்றது.) பழங்கொள்கை வீழ்ந்தது, தீ அவிந்திலது.

பரிணாமமென இன்று வழங்குங் கூர்தலும் அத்தகைய நிகழ்ச்சியே. உயிரினங்கள் தலைமுறைதோறுந் திரிந்து பல்கினமைக்குப் பாறையடுக்குகளிற் கிடைக்கும் என்புகளும், டி.டி.டி. மருந்துக்கு மடியாத கொசுக்களுஞ் சான்றாம். அஃது எவ்வாறு நிகழ்ந்ததென விளக்குவதே 1859-இல் டார்வின் நூலாக வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கை. அது வெற்றூகமன்று. மரபுப்பண்பு வழிவழி இறங்கும் முறையை டார்வின் அறியார். மெண்டல் 1866-இல் வெளியிட்டது 1900-இலேயே அறிஞருலகிற் பரவிற்று. அதனாற் கொள்கை வீழாது திருந்திற்று.

குரங்கு மனிதனாதலை நம் முன்னோர் கண்டதாகக் கூறிலர் என 2018-இல் நடுவணரசின் இணையமைச்சர் ஒருவர் இதனை மறுத்தார். காட்சியொன்றே அளவையெனல் உலகாயதர் மதமன்றோ? புகையால் நெருப்பைத் துணியுங் கருதலளவையை உடன்படும் நாம் அவ்வாதத்தை எங்ஙனம் ஏற்போம்?