முன் இடது டயர்

என் பழைய புரோட்டோன் சாகாவைத் தங்கைக்குக் கொடுத்தபோது அதன் குறைகளையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கிளட்ச் கொஞ்சம் மேலே வந்துதான் பிடிக்கும். பின்கதவை ரெண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். ஏர்கோனை மூன்றில் வைத்தால் சத்தம் போடும். இவ்வளவும் சொன்னவன் முன் இடது டயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் இல்லை. சத்தியமாக ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகத்துக்கு வராதது ஒரு குற்றமாகுமா என்பதுதான் சில மாதங்களாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

எனக்குக் கிள்ளானில் வேலை. வீடு சுங்கை பஞ்சாங்கில். சனிக்கிழமை மதியம் காப்பார், ஜெரம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று ஐந்தாம் எண் சாலையைப் பிடித்து மேலே ஏறினால் சாயங்காலத் தேத்தண்ணிக்கு வீட்டில் இருக்கலாம். புறப்படுவதற்கு முன் பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடிக்கும் இயந்திரத்தில் 220 என்று வைப்பேன். முன் இடது டயரில் குழாயைச் சொருகினால் 180 காட்டும். புஸ்ஸென்று ஏறும், 'பீப்' என்று கத்தும், முடிந்தது. இரண்டு வருடம் இப்படித்தான். பல் தேய்ப்பது மாதிரி.

வேலை மாற்றத்தோடு எனக்கு வேறு காடி கிடைத்தது. தங்கைக்கு தஞ்சோங் காராங்கில் ஆசிரியர் வேலை. ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். சாவியைக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. பள்ளியில் கூட்டம் முடிந்து இருட்டிய பிறகு கிளம்பியிருக்கிறாள். மழை. செகிஞ்சானுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வயல், முன்னே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. ஸ்டேரிங் இடது பக்கமாக இழுப்பதைக் காற்று என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் டயர் வெடித்தது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். மோட்டாரில் போன ஒரு மலாய்க்காரப் பெரியவர் மழையில் நனைந்துகொண்டே ஸ்பேர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, டயரு வெடிச்சிருச்சி. ஒண்ணும் ஆவுல" என்றாள் போனில். ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்டாள்: "அந்த டயரு மொதல்லேர்ந்தே அப்படித்தானா? ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

டயர் கடைக்கு அந்த டயரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அதை ரிம்மிலிருந்து கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். கறுப்புப் பொடி. பக்கச் சுவரின் உள்ளே வட்டமாகத் தேய்ந்த தடம். "ஆணியெல்லாம் இல்ல தம்பி. காத்து கம்மியா ரொம்ப நாளு ஓடுன டயரு." காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது, சூட்டில் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்துகொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் தொப்பை போட்ட டயர், அவ்வளவுதான்.

பிறகு ரிம்மைத் துடைத்து, டயரின் உதடு வந்து உட்காரும் விளிம்பை விரலால் தடவச் சொன்னார். துரு செதில் செதிலாக வந்தது. காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. சவர்க்காரத் தண்ணியை முதலில் வால்வில், பிறகு தரையில் படும் பக்கத்தில், கடைசியில் விளிம்பைச் சுற்றி ஊற்றிப் பார்த்தாலே நுரை காட்டிக்கொடுத்திருக்கும். அப்படியும் தெரியாவிட்டால் சக்கரத்தோடு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, விளிம்புக்கென்று இருக்கும் பசையைத் தடவி மறுபடி ஏற்றினால் சரியாகியிருக்கும். இருபது வெள்ளி வேலை.

"எத்தன நாளைக்கு ஒருக்கா காத்து அடிப்பீங்க?"

"வாரா வாரம்."

"மத்த மூணுக்கும்?"

மற்ற மூன்றும் என்ன காட்டின என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஏனென்றால் எல்லா டயரிலும் காற்று இறங்கும். ஓட்டையே இல்லாத புது டயரும் மாதத்துக்கு ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் இழக்கும். ரப்பர் வழியாகவே காற்று கசிகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அதன் பிறகு நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் எழுந்து வெட்டி இறக்கிய பால், காற்றைப் பிடித்து வைப்பதில் அப்படி ஒன்றும் கெட்டிக்காரப் பொருளில்லை. 1937இல் அமெரிக்காவில் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். இயற்கை ரப்பரில் கசிவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதில் கசியும். இன்று டயூப் இல்லாத டயரின் உட்பூச்சு அந்த வகையில் வந்ததுதான். அதுவும் முழுக்கத் தடுப்பதில்லை.

அதனால் 'காத்து எறங்குறது சகஜம்தானே' என்று நான் சொல்லிக்கொண்டது பொய்யில்லை. உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றிக்கொண்டேன். சகஜமான இறக்கம் எது, ஓட்டை எது என்பது ஒரு டயரை மட்டும் பார்த்தால் தெரியாது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் ஓடி வந்த டயர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்திவிடும்.

1877 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டில்தான் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல், அடிக்கடி பழுது பார்த்தது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்ப வேண்டும். அவருக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே என்று சந்தேகத்தை அமுக்குகிறார். உண்மையாகவே நம்பவும் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். கிளிஃபர்டின் தீர்ப்பு: அவர் குற்றவாளி. அதோடு விடுவதில்லை. கப்பல் மூழ்காமல் போய்ச் சேர்ந்திருந்தாலும் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார்.

என் தாத்தாவும் பாட்டியும் கப்பலில் வந்தவர்கள் என்பதால் எனக்கு அந்த முதலாளி மேல் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஆனால் என்னை அவரோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு இடத்தில் பொருந்தவில்லை. அவர் சந்தேகத்தை அமுக்கினார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாரா வாரம் என் கைதான் குழாயைச் சொருகியது. அந்த வேலை முடிந்ததும் டயர் நல்ல டயர் ஆகிவிட்டது. ஓட்டை டயரில் இருந்தது, ஒட்டு என் சனிக்கிழமையில் இருந்தது. சாவி கைமாறியபோது டயர் போனது, சனிக்கிழமை என்னோடு தங்கிவிட்டது.

இது என்னை விடுவிக்கிறதா? சில நாள் விடுவிக்கிறது என்று நினைத்தேன். பொய் சொன்னவனையும் மறந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது இப்போதும் என் எண்ணம். ஆனால் ஏன் மறந்தேன் என்று பார்த்தால், இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட 'இது எங்கே போகுது?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடைக்குப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், புது டயர் போடச் சொல்வானோ என்ற பயம். காற்று இலவசம். நான் சிக்கனமாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சிக்கனத்தின் பில்லைத் தங்கை மழையில் நின்று கட்டினாள்.

மலாயில் ஓட்டைக்கு 'போச்சோர்' என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். சின்ன வயதில் அது நம்முடைய 'போச்சு'வின் அண்ணன் என்றே நினைத்திருந்தேன். அப்பா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சைக்கிள் டயூப் போச்சோர் ஆனால் பேசினில் தண்ணீர் ஊற்றி அமுக்கிப் பார்ப்பார். குமிழி வந்தாலும் உடனே ஒட்டமாட்டார். டயூப் முழுவதையும் ஒரு சுற்று பார்த்து முடித்துவிட்டுத்தான். "ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கும்டா." அவர் பிள்ளைதான் நான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கேள்விக்கு வருகிறேன். "தெரியும்" என்றேன் கடைசியில். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அடுப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல. அப்பா தேத்தண்ணி போட்டுட்டு கேஸ மூட மறந்துர்றாரு. நான் பின்னாடியே போயி மூடிருவேன். இப்ப நான் வேலைக்குப் போறேன், பகல்ல அம்மா மட்டுந்தான். அதான் நேத்து அம்மாட்ட சொன்னேன். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல."

அப்பா வெளியே ஐந்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வரும் ஞாயிறுகளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

"எத்தன நாளைக்கு ஒருக்கா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "எண்ணிப் பாக்கலியே" என்றாள்.